ராத்திரி காடி எங்கே நிற்கும்? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய ஹைப்ரிட் காடி (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது), பழைய மின்சாரக் காடி பற்றித்தான். எல்லாம் கெடாவில் நம்ம பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்திலிருந்து. தோட்டத்து வேலை குறைந்து, கூலிமுக்கும் பினாங்குத் தீவுக்கும் வேலைக்குப் போகிற ஊராகிவிட்டது இது, அதனால் கேட்கத்தான் செய்வார்கள். பெயர்களை விட்டுவிட்டேன், ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்திருக்கிறேன்.

கே: ஐயா, எனக்கு பினாங்குத் தீவில் இருக்கிற பாயான் லெப்பாஸில் டெக்னீஷியன் வேலை. பாடாங் செராயிலிருந்து ஒரு வழிக்கு 50 கிலோமீட்டர் போல வரும், மாதத்தில் 20 நாள், 12 மணி நேர சிப்ட். இதுவரை மோட்டாரில்தான் போய் வருகிறேன். குழந்தை பிறந்த பிறகு, பாலத்தில் மோட்டார் ஓட்டவே வேண்டாம் என்கிறார்கள் வீட்டில். 30,000 ரிங்கிட்டுக்குள் பார்க்கிறேன். ஒரு கடையில் 2013 பிரியஸ் சி, 2012 ஜாஸ் ஹைப்ரிட் இரண்டும் நிற்கின்றன. எதை எடுக்கலாம்? கூட வேலை செய்பவர்கள் மின்சாரக் காடியே எடு, எண்ணெய்ச் செலவே இருக்காது என்கிறார்கள்.

ப: தம்பி, வீட்டில் சொல்வது நியாயம். 12 மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு, மழையில், லாரிகளுக்கு நடுவில் பாலத்தைக் கடப்பது வேண்டவே வேண்டாம். ஒரு காசு மிச்சமாகாவிட்டாலும் காடி எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மிச்சமாகும் என்று நினைத்து எடுக்காதீர்கள், ஏனென்றால் மோட்டாரிலிருந்து காடிக்கு மாறும்போது முதலில் கூடுவது டோல். 2019 தொடக்கத்திலிருந்து பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டாருக்கு டோல் கிடையாது. காடிக்கு 5.74 ரிங்கிட், தீவுக்குப் போகும்போது மட்டும். 20 நாளுக்கு 115 ரிங்கிட் கிட்ட வந்துவிடும். பட்டர்வொர்த் கூலிம் நெடுஞ்சாலை டோல் அதற்கு மேல்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். 2025 செப்டம்பர் கடைசியில் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது, ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கினார்கள். அந்த விலையிலேயே கணக்குப் போடுகிறேன். உங்களுக்கு மாதம் 2,000 கிலோமீட்டர். மைவி மாதிரி சாதாரண எண்ணெய்க் காடி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 265 ரிங்கிட். நல்ல நிலையில் இருக்கிற ஹைப்ரிட் 22 கிலோமீட்டர் கொடுத்தால் 181 ரிங்கிட். வித்தியாசம் மாதம் 84 ரிங்கிட், வருஷத்துக்கு ஆயிரம் ரிங்கிட், அவ்வளவுதான். அதுவும் ஹைப்ரிட்டின் பலம் தெரிவது பாலத்து நெரிசலில், பிரேக் போட்டுப் போட்டு நகரும்போது. ஏனென்றால் பிரேக் போடும்போது வீணாகப் போகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. நெடுஞ்சாலையில் 110-ல் விட்டுப் பிடித்தால் அந்த 22 கிடைக்காது. ஆகவே அதே வயது எண்ணெய்க் காடியை விட ஹைப்ரிட்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள், அந்தப் பணம் திரும்பி வர ஐந்தாறு வருஷம் ஆகும், அதற்குள் பேட்டரி தன் கணக்கைக் கேட்கும்.

இரண்டு காடிகளையும் பற்றிச் சொல்கிறேன். இவை நம்ம நாட்டில் இவ்வளவு ஓடக் காரணம் அந்தக் காலத்து வரி விலக்கு. இறக்குமதி ஹைப்ரிட்டுகளுக்கு அது 2013 கடைசியோடு முடிந்தது. அதனால்தான் மலிவாகக் கிடைக்கும் ஹைப்ரிட்டெல்லாம் 2011-லிருந்து 2013-க்குள் இருக்கின்றன, அதாவது பேட்டரிக்கும் அதே வயது. ஜாஸ் ஹைப்ரிட்டில் மின்மோட்டார் சின்னது, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து எஞ்சினுக்குக் கை கொடுக்கும், காடியைத் தானாக இழுக்கும் தெம்பு அதற்கு மிகக் குறைவு. பிரியஸ் சி முழு ஹைப்ரிட், நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு மின்சாரத்திலேயே நகரும். அதன் கியர்பாக்ஸில் பெல்ட்டும் இல்லை கிளட்ச்சும் இல்லை, பல்சக்கரங்கள்தான், தேய்மானம் குறைவு. உங்கள் ஓட்டத்துக்கு இரண்டில் ஒன்று என்றால் பிரியஸ் சி. ஆனால் இந்த 2013 வண்டியை எடுப்பதா இல்லையா என்பதைப் பேட்டரிதான் தீர்மானிக்க வேண்டும், வயதையும் பெயின்ட்டையும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது திரையில் பேட்டரிக் கோடுகளையே கவனியுங்கள். மேட்டில் ஏறும்போது சட்டென்று காலியாகி, இறங்கும்போது சட்டென்று நிறைந்தால் பேட்டரியில் கொள்ளளவு இல்லை என்று அர்த்தம். பின் சீட்டுப் பக்கம் காற்றாடி இரைச்சலாக ஓடுகிறதா என்று கேளுங்கள். பிரியஸ் சி-யில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைக் குளிர்விக்கும் காற்று காடிக்கு உள்ளேயிருந்துதான் போகிறது, இழுக்கும் ஓட்டை சீட்டின் பக்கவாட்டில். அங்கே விரலை வைத்துப் பாருங்கள். தூசியும் முடியும் அடைத்திருந்தால் அந்தப் பேட்டரி வருஷக் கணக்கில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. நம்ம செம்மண் ரோட்டில் ஓடிய காடி என்றால் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. வாங்கிய பிறகும், சர்விஸுக்குப் போகும்போதெல்லாம் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பின் சீட்டில் துணி மூட்டை, குழந்தையின் போர்வை எதையும் அந்த ஓட்டையை மறைக்கிற மாதிரி வைக்காதீர்கள்.

அதன் பிறகு ஹைப்ரிட் தெரிந்த ஃபோர்மேன் ஒருவரைக் கூட்டிப் போய் காடியின் கணினியைப் படிக்கிற ஓபிடி கருவியை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரியஸ் வகைக்கு டாக்டர் பிரியஸ் என்ற செயலி உண்டு, பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜையும் காட்டும். எல்லாம் ஒட்டியே ஏறி இறங்க வேண்டும், ஒன்று மட்டும் தனியாகக் கீழே விழுந்தால் அது போகப்போகிறது. கடைக்காரர் "பேட்டரி மாற்றியாச்சு" என்றால் சந்தோஷம், ஆனால் புதுப் பேட்டரியா, செத்த செல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு பழைய காடியின் செல்லைப் போட்டதா என்று கேட்டு ரசீதை வாங்கிப் பாருங்கள். செல் மாற்றிய பேட்டரியில் மிச்ச செல்களும் அதே வயதுக் கிழடுகள்தான், ஒன்றன் பின் ஒன்றாக விழும். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், புதுப் பேட்டரிக்கு இரண்டு பட்டறையில் விலை எழுதி வாங்கி, அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். எடுத்து வைக்கப் பணம் இல்லை என்றால் ஹைப்ரிட் வேண்டாம் தம்பி. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் திடீரென்று ஆயிரக்கணக்கில் செலவு வந்து, காடி பட்டறையிலேயே நின்றால், நீங்கள் மறுபடி மோட்டாருக்குத்தான் போவீர்கள். அதற்கு ஒரு மைவியோ பெஸ்ஸாவோ எவ்வளவோ மேல்.

காடிச் சோதனை நிறுவனமான புஸ்பகோமின் பி5 சோதனை முடிந்தது என்று காகிதம் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான சோதனை அது. ஹைப்ரிட் பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதை அது சொல்லாது. கடன் வாங்குவதாக இருந்தால் இன்னொன்று: பத்து வயது தாண்டிய காடிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வருஷம் குறைவு, மாதத் தவணை கனமாக வரும். இதை முதலில் விசாரியுங்கள், பிறகு காடியைப் பாருங்கள்.

மின்சாரக் காடி பற்றி நண்பர்கள் சொன்னது பாதி சரி. உங்கள் 30,000-க்குக் கிடைப்பது 2013 வாக்கில் இங்கே வந்த முதல் தலைமுறை நிசான் லீஃப் மாதிரி ஒன்றுதான். புதிதிலேயே 24 கிலோவாட் மணி பேட்டரி, அதுவும் நம்ம வெயிலில் இத்தனை வருஷம் கிடந்தது. போக வர 100 கிலோமீட்டருக்கு அதை நம்பிப் பாலத்தில் ஏறாதீர்கள். பிற்காலத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்து புது வகை எடுப்பதாக இருந்தால் அப்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ராத்திரி காடி எங்கே நிற்கும்? சொந்த வாசலில், சொந்த மீட்டரில் நின்றால், 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி), சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்து மாதம் 330 யூனிட். 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி யூனிட் 44 சென் என்று வைத்தால் 145 ரிங்கிட். மைவியோடு பார்க்கும்போது மாதம் 120 ரிங்கிட் மிச்சம். அதே காடிக்கு ராத்திரி நிற்க இடமில்லாமல், வெளியே வேக சார்ஜரில் யூனிட் 1.40 ரிங்கிட் என்று 300 யூனிட் ஏற்றினால் 420 ரிங்கிட். எண்ணெய்க் காடியை விடப் பெரிய செலவு. இந்த இரண்டு தொகையையும் உங்கள் நண்பர்களிடம் காட்டுங்கள்.

கே: ஐயா, நான் தோட்ட ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறேன், தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் கூலிம் ஹைடெக்கில் வேலை. பழைய மின்சாரக் காடி ஒன்று எடுத்து, சமையலறை பிளக்கிலிருந்து நீள ஒயர் இழுத்து ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. 2017-க்குப் பிறகு வந்த ஜாஸ், சிட்டி ஹைப்ரிட்டும் எங்கள் பட்டியலில் உண்டு.

ப: பயப்படுவது சரிதான் அம்மா, இந்தப் பதிலை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள். சாதாரண மூன்று முள் பிளக்கில் சார்ஜ் போட்டால் 10 ஆம்பியர் கிட்ட, எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்காமல் ஓடும். கெத்தல் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடும், அயன் விட்டு விட்டு எரியும், இது அப்படி இல்லை. லயத்து வீடுகளின் ஒயரிங் எப்போது போட்டது, எர்த் சரியாக இருக்கிறதா, அந்தப் பிளக் பாயின்ட்டின் பின்னால் திருகு இறுகியிருக்கிறதா, யாருக்கும் தெரியாது. அதில் சுருட்டி வைத்த நீள ஒயரையும் மாட்டினால், சுருளுக்குள்ளேயே சூடு ஏறி உருகும். பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், ஒரே கூரை. தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது.

முறையாகச் செய்வதென்றால் தனி ஒயர், தனி பிரேக்கர், மின்கசிவைப் பிடிக்கும் தனி ஆர்சிசிபி, நல்ல எர்த், இதெல்லாம் எரிசக்தி ஆணையத்தில் பதிவான ஒயர்மேன் கையால் போட வேண்டும். வீடு தோட்டத்துடையது, ஆகவே மேனேஜரின் எழுத்து அனுமதி வேண்டும், வாயால் "சரி, போடு" என்றது போதாது. நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொன்னால் போட்ட பணமும் போச்சு. சொந்த வீட்டுக்குப் போகும் வரை மின்சாரக் காடியை நினைக்காதீர்கள். கூலிம் தூரத்துக்கு நல்ல எண்ணெய்க் காடி போதும், ஹைப்ரிட் வேண்டும் என்றால் மேலே தம்பிக்குச் சொன்ன சோதனை எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

2017-க்குப் பிறகு வந்த ஜாஸ், சிட்டி ஹைப்ரிட்டும் உங்கள் பட்டியலில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றில் ஏழு கியர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள், உதறினாலோ தயங்கினாலோ விட்டுவிடுங்கள். 2020 சிட்டி ஆர்எஸ்ஸிலிருந்து வந்த அமைப்பில் அந்தக் கியர்பாக்ஸே கிடையாது, விலை கூட, ஆனால் எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

கே: நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சொந்த வீடு, போர்ட்டிகோ உண்டு. கூலிம், சுங்கை பட்டாணி, கோவில், மருத்துவமனை என்று மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். 2019 லீஃப், 2023 பிஒய்டி டால்ஃபின், நேட்டா வி என்று மூன்று மின்சாரக் காடிகள் பழைய காடி விலையில் வருகின்றன. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் எடுக்கலாமா?

ப: ஐயா, வணக்கம். முதலில் பணத்தைப் பற்றி. மாதம் 600 கிலோமீட்டருக்கு எண்ணெய்க் காடி 80 ரிங்கிட், மின்சாரக் காடி 44 ரிங்கிட். இந்த 36 ரிங்கிட்டுக்காக இபிஎஃப் பணத்தில் பெரிய தொகையை எடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். உங்கள் பழைய காடி ஓடுகிற வரை ஓடட்டும். அது நின்றுவிட்டது, எப்படியும் ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் மாதிரி சொந்த வாசல் உள்ளவருக்கு மின்சாரக் காடி நிம்மதியான பொருள்தான். எஞ்சின் ஆயில் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, எண்ணெய்க் கடையில் வரிசை இல்லை.

மூன்றில் டால்ஃபின்தான் என் தேர்வு. லீஃப் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி அமைப்பு இல்லை, வெளிக்காற்று ஆற்றினால் உண்டு, நம்ம ஊர் வெக்கையில் அது பெரிய குறை. அதன் வேக சார்ஜ் பிளக்கும் சாடெமோ வகை. புதிதாக வைக்கிற சார்ஜர்களில் சிசிஎஸ்2 பிளக்தான் அதிகம், சாடெமோவைத் தேடித்தான் போக வேண்டும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் லீஃப் ஸ்பை செயலியில் பேட்டரி ஆரோக்கிய சதவீதத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நேட்டாவின் தாய் நிறுவனம் 2025-ல் சீனாவில் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. கண்ணாடி, பம்பர் உடைந்தால்கூட உதிரிப்பாகம் எப்போது வரும் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். டால்ஃபின் சின்ன வகையில் 44.9 கிலோவாட் மணி எல்எஃப்பி பேட்டரி, சூடு தாங்கும் ரகம், உத்தரவாதம் எட்டு வருஷம் அல்லது 160,000 கிலோமீட்டர். 2023 காடி என்றால் அதில் நல்ல பங்கு இன்னும் மிச்சம். ஆனால் சர்விஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் இருக்கிறதா, இரண்டாவது உரிமையாளர் பெயரில் உத்தரவாதம் தொடருமா என்று சர்விஸ் நிலையத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். விற்கிறவர் வாய்ச்சொல் வேண்டாம்.

பேட்டரியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 100 சதவீதம் ஏற்றச் சொல்லி, ஏர்கோன் போட்டு, சுங்கை பட்டாணி வரை போய் வாருங்கள். எத்தனை சதவீதம் இறங்கியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதிக்கொண்டால் முழு பேட்டரிக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். கம்பெனி சொல்லும் தூரம் சோதனைக்கூடத்துத் தூரம், அதில் முக்கால் பங்கு வந்தால் குறை சொல்ல மாட்டேன். டயரையும் பாருங்கள், பேட்டரி கனத்தால் சீக்கிரம் தேயும்.

வீட்டில் தனி சார்ஜர் வைக்க ஒயர்மேனைக் கூப்பிட்டு முதலில் மீட்டர் பெட்டியைக் காட்டுங்கள், ஒற்றை ஃபேஸ் வீட்டில் ஏர்கோன், வாட்டர் ஹீட்டரோடு 7 கிலோவாட் சார்ஜரும் ஒரே நேரத்தில் ஓடுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். உங்கள் ஓட்டத்துக்குப் பெரிய சார்ஜர் அவசியமே இல்லை, தனி ஒயரில் சின்னதாக ஒன்று போதும். மாத உபயோகம் 600 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் 10 ரிங்கிட் 'ரீடெயில்' கட்டணமும், தாண்டிய பகுதிக்குச் சேவை வரியும் வந்து சேரும். நேரம் பார்த்துக் கட்டணம் கேட்கும் திட்டத்துக்கு விண்ணப்பித்தால் ராத்திரி 10 மணியிலிருந்து மறுநாள் மதியம் 2 மணி வரை விலை குறைவு, சனி ஞாயிறு முழுக்கக் குறைவு. ரோட் டேக்ஸ் 2025 கடைசி வரை இலவசமாக இருந்தது, 2026-லிருந்து கட்ட வேண்டும். ஆனால் 100 கிலோவாட்டுக்குள் என்றால் வருஷத்துக்கு 20 முதல் 70 ரிங்கிட்தான்.

கே: ஊரில் வெள்ளம் வந்த பிறகு மலிவாக ஹைப்ரிட் காடிகள் விற்பனைக்கு வருகின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும். அதை யாரும் கழுவுவதில்லை. சீட் தண்டவாளத்துத் திருகுகளில் துரு, ஸ்பேர் டயர்க் குழியில் மண், கண்ணாடியை மூடி ஏர்கோன் போட்டதும் மக்கிய நாற்றம், இவையெல்லாம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். ஹைப்ரிட்டில் பேட்டரி சீட்டுக்கு அடியிலோ பின்பெட்டித் தரையிலோ இருப்பதால், தண்ணீர் முதலில் போவதே அங்கேதான். ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் அழுத்த மின்சாரம், நீங்கள் தொடவே கூடாது, தெரிந்த ஃபோர்மேன் பார்க்கட்டும். இனி நம்ம பக்கம் எந்தக் காடி வாங்கினாலும் இன்சூரன்ஸில் வெள்ளத்துக்கான கூடுதல் காப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முழுக் காப்பில் அது தானாக வராது.

கே: பிரியஸ் சி வாங்கிவிட்டேன். ராத்திரி பிளக்கில் போட வேண்டுமா? தீபாவளிக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் ஸ்டார்ட் ஆகாது என்கிறார்களே?

ப: பிளக் தேவையில்லை, இந்த வகை ஓடும்போதே தன்னை ஏற்றிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகாமல் போவது பெரும்பாலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரியால்தான். ஹைப்ரிட் பேட்டரி நன்றாக இருந்தாலும் அந்தச் சின்னது இறங்கிவிட்டால் 'ரெடி' விளக்கு எரியாது, பயந்துபோய்ப் பெரிய பேட்டரியை மாற்றச் சொல்கிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை யாரையாவது விட்டு அரை மணி நேரம் 'ரெடி'யில் வைக்கச் சொல்லுங்கள். கேபிள் போட்டு எழுப்பும்போது பிளஸ், மைனஸ் மாறிவிடாமல் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள், மாறினால் இன்வெர்ட்டரே போய்விடலாம். பக்கத்து வீட்டு லாரிக்கு உங்கள் ஹைப்ரிட்டிலிருந்து கேபிள் கொடுக்கவும் வேண்டாம்.